சீற்றில் இருந்த மெத்தை

மே மாதம் வெக்கையான கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால், கப்பல்துறை ஊரில் சைக்கிள் ஓடுகிறவருக்கு வியர்வையில் முதலில் நனைவது முதுகல்ல, சீற்றில் பதியும் இடம்தான்.

அன்று அதற்கு மருந்து சாரம். கண்டி வீதியால் தம்பலகாமம் பக்கம் வயலுக்குப் போகிறவர் சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, றலி சைக்கிளின் பாருக்கு மேலால் காலைப் போடுவார். கீழிருந்து தாராளமாகக் காற்று ஏறும். மடிப்பு அவிழ்ந்து சங்கிலியில் சிக்கினால் மட்டும் கிறீஸ் கறையும் வீட்டில் ஏச்சும். களிசான் போட்ட உத்தியோகத்தர் கணுக்காலில் கிளிப் மாட்டியிருப்பார். (களிசான் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல், அவர்களுக்கு அது முழங்காலோடு நிற்கும் உடுப்பு.)

சாரத்துக்குள் மெத்தை இல்லை, தேவைப்படவும் இல்லை. பழைய சீற் அகலமான தோல், அடியில் சுருள்வில். ஆள் நிமிர்ந்து இருந்து ஓடுவார். ஓட ஓடத் தோல் அவருடைய உடம்புக்கே பள்ளம் விழுந்து பதப்படும். இரவல் சைக்கிள் எடுத்தவருக்குத்தான் நோவு தெரியும்.

2022இல் பெற்றோல் வரிசை நீண்டபோது சைக்கிளை மறந்திருந்தவர்களும் அதற்குத் திரும்பினார்கள். ஆனால் இன்று இளையவர்கள் விரும்புவது கியர் போட்ட மவுண்டன் சைக்கிள். 1970களில் கலிபோர்னியாவின் மரின் மலைச்சரிவுகளில் பழைய சைக்கிள்களை இறக்கி விளையாடியவர்களிடமிருந்து பிறந்த வண்டி அது. சீற் ஒடுக்கம், கெட்டி. உடம்போ முன்னால் சாய்கிறது. சீற்றில் இருந்த மெத்தை நம்மவர் களிசானுக்குள் இப்படித்தான் வந்து சேர்ந்தது. அந்த மெத்தைக்கு இன்றும் ‘ஷாமி’ என்றுதான் பெயர். ஐரோப்பிய மலையாட்டு இனம் ஒன்றின் தோலைக் கம்பளிக் களிசானுக்குள் வைத்துத் தைத்த காலத்துப் பெயர் அது. காய்ந்தால் தோல் விறைக்கும் என்று அன்றைய ஓட்டக்காரர்கள் கிறீம் பூசி ஓடினார்கள். இப்போது நுரையும் செயற்கை இழையும்.

இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். தடித்த மெத்தைதான் சுகம் என்று நினைத்து வாங்குகிறார்கள். நம் வெயிலில் அது ஈரத்துணி மூட்டை. மெல்லியதாக, அமுக்கினால் திரும்ப எழும்புவதாக இருக்க வேண்டும். அடுத்த பிழை, மெத்தைக் களிசானுக்குள் பருத்தி ஜட்டி போடுவது. பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு விடாது. அதன் தையல் தொடையை அறுக்கும். மெத்தை வெறும் தோலில் படத்தான் தைத்திருக்கிறது. மெத்தை வைத்த அந்த உள்களிசான் உடம்போடு ஒட்ட வேண்டும். மேலே போடும் கட்டைக் களிசான் தொளதொளவென்று, சீக்கிரம் காயும் துணியில், முழங்காலுக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். கவட்டில் தையல்கள் கூடும் இடத்தைக் கையால் தடவிப் பாருங்கள். கடையில் நின்றபடி அளவு பார்த்தால் போதாது. குனிந்து, காலைத் தூக்கிப் பாருங்கள். இடுப்புப் பட்டி சுருண்டால் வேண்டாம். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கழுவாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதும் கொப்புளம்தான் தரும்.

சந்திக் கடையில் பாண் வாங்கிவர இதெல்லாம் எதற்கு? அதற்குச் சாரமே போதும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் மிதிக்கிற அன்றைக்கு மெத்தைக் களிசானை எடுங்கள்.