மடையும் மன்றமும்

மழைக்காக உபவாசக் கூடுகை நடத்துவது நமது சேகரங்களில் நெடுநாளைய வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் சுரண்டை வட்டாரத்துச் சிற்றூர்ச் சபையொன்றில் அத்தகைய கூடுகை முடிந்தபின், கடைமடையில் சிறிது நஞ்சை வைத்திருந்த தாய் ஒருவர் என்னிடம் வந்தார். "ஐயா, மழைக்கு ஜெபித்தோம், சந்தோஷம். போன வாரம் வரத்துக்காலைத் தூர்வாருவது பற்றிக் கிராம சபையில் பேசினார்களே. அதற்கு நம் சபையிலிருந்து ஒருவரும் வரவில்லையே?" என்றார். நானும் போகவில்லை. அன்று விடைகூற இயலாத அக்கேள்வியே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல்.

1. குளம் என்னும் பொது வாழ்வு

குற்றால மலைகளை நனைக்கும் தென்மேற்குப் பருவமழை, கிழக்கே சுரண்டைப் பக்கம் வரும்போது பெரும்பாலும் காற்றாகவும் தூறலாகவும் தேய்ந்துவிடுகிறது. ஆகவே இவ்வட்டாரம் குளங்களையும் கிணறுகளையும் நம்பி வாழ்கிறது. நம் குளங்கள் தனித்தனியே நிற்பவை அல்ல. மேற்குளத்தின் மறுகால் நீரே கீழ்க்குளத்தின் வரத்து. மேலே ஒருவர் வரத்துக்காலை அடைத்தாலும், சாக்கடையை அதில் திருப்பினாலும், கீழே முகமறியாத ஒருவரின் பயிரும் குடிநீரும் கெடும். எனவே குளம் என்பது நீர்த்தேக்கம் மட்டுமன்று. ஓர் ஊர் மற்றோர் ஊரோடு செய்துகொண்ட எழுதப்படாத உடன்படிக்கை எனலாம்.

இவ்வுடன்படிக்கையைக் குடிமராமத்து என்னும் முறையால் ஊரார் காத்தனர். ஆனால் அதனைப் பொற்காலமாகப் போற்றிவிடுவது உண்மைக்கு மாறாகும். கரையை அடைத்து மண் சுமந்தவர்களில் பலருக்கு நிலமும் இல்லை, மடையைத் திறக்கச் சொல்லும் உரிமையும் இல்லை. 1858-ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டம் அவ்வுழைப்பைச் சட்டக் கடமையாகவும் ஆக்கியது. இன்று 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள குளங்கள் பொதுவாக ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பிலும், பெரியவை மாநில நீர்வளத்துறையின் பொறுப்பிலும் உள்ளன. பொறுப்பு அலுவலகங்களுக்குச் சென்றபோது, "இது நம் குளம்" என்னும் உணர்வும் மெல்லக் குறைந்துவிட்டது.

2. மன்றங்களின் மரபு

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையிலுள்ள மானூரில், ஏறத்தாழ கி.பி. 800-ஐச் சேர்ந்த பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஊர்ச்சபையில் இடம்பெறத் தக்கவர் யார் என்பதை அது வரையறுக்கிறது. எக்காரியத்துக்கும் "அன்று, அன்று" என மறுத்துச் சபையை முடக்குவோர்க்கு ஐந்து காசு தண்டமும் விதிக்கிறது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் எழுந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், குடவோலை முறையையும் ஏரிக்கென்றே தனி வாரியம் இருந்ததையும் காட்டுகின்றன. ஆயினும் அச்சபைகள் நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தணருக்கே உரியவை. உழுதவரும் பெண்களும் அவற்றுக்கு வெளியே நின்றனர்.

இக்கதவைச் சட்டத்தின் வழியே அகலத் திறந்தவை, 1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73, 74-ஆம் திருத்தங்கள். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் இடஒதுக்கீடு, ஐந்தாண்டுக்கு ஒரு தேர்தல், வாக்காளர் அனைவரும் அமரும் கிராம சபை ஆகியவை இவற்றால் உறுதிபெற்றன. ஆனால் சட்டம் திறந்த கதவைச் சமூகம் மூட முயன்றது. மதுரை மாவட்டத்து மேலவளவில், தனித்தொகுதியாக்கப்பட்ட ஊராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் 1997 ஜூன் 30 அன்று வேறு சிலரோடு படுகொலை செய்யப்பட்டார். ஊர் மன்றத்தில் ஓர் இருக்கைக்கு இத்துணை விலை கொடுத்தவர்கள் இருக்க, அதனைச் சிறுகாரியமெனக் கருத நமக்கு உரிமையில்லை.

நமது மாவட்டத்தின் அனுபவமும் எண்ணத்தக்கது. 2016-இல் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தபின், தென்காசியின் ஊரகப் பகுதிகளுக்கு 2021 அக்டோபரில்தான் தேர்தல் நடந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகள் தனி அலுவலர்களே ஆண்டனர். 2021-இல் நகராட்சியாக உயர்ந்த சுரண்டையின் மன்றத்துக்கு 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. நகரத்தார்க்குக் கிராம சபை இல்லை. அக்குறையை நீக்க 2022-இல் விதிகள் வகுக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் பகுதி சபைகள் தமிழக நகரங்களில் கூடத் தொடங்கின. இதனை நம் சபையாரில் எத்தனை பேர் அறிவர்?

3. கடல் வரை செல்லும் கடமை

சிற்றாறு சுரண்டை வட்டாரத்தைத் தாண்டித் தாமிரபரணியில் கலந்து, புன்னைக்காயல் அருகே கடலை அடைகிறது. அதற்கு அண்மையிலுள்ள பழைய துறைமுக ஊராகிய காயல்பட்டினத்தில் 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த ஒரு நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. குளங்கள் உடைந்தன, ஊர்கள் தீவுகளாயின. அங்கு பெய்த மழையே பெருங்காரணம் என்பது மெய். ஆயினும் கரை பலவீனமான குளமும் அடைபட்ட ஓடையும் மழையைப் பேரழிவாக மாற்றுகின்றன என்பதும் மெய்யே. அவ்வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிய இரயில் பயணிகளுக்குப் புதுக்குடி மக்கள் சோறு பொங்கி அளித்தனர். ஆபத்து நாளில் எழும் அந்த அயலன்பு, வெயில் நாளில் குளத்துக் கூட்டத்துக்கு வருமானால் ஆபத்தே சிறிதாகும் அன்றோ?

4. திருமறையின் ஒளியில்

எசேக்கியேல் 34:18-19-இல் தீர்க்கதரிசி கொழுத்த ஆடுகளைக் கடிந்துகொள்கிறார். தெளிந்த நீரைத் தாங்கள் குடித்தபின் மீதியைக் காலால் கலக்குவதே அவற்றின் குற்றம். தலைமடைக்காரனுக்கும் கடைமடைக்காரனுக்கும் இடையே கடவுள் நியாயம் தீர்க்கிறார் என்று இதனை நம் ஊர் மொழியில் கூறலாம்.

1 இராஜாக்கள் 21 மேலும் கூர்மையானது. நாபோத்தைக் கொன்றது அரண்மனை மட்டுமன்று. யேசபேலின் நிருபத்துக்குப் பணிந்த அவனுடைய சொந்த ஊர் மூப்பரே. பொய்ச்சாட்சிகளை அமர்த்துமுன் அவர்கள் செய்த முதற்காரியம் உபவாசம் கூறியது என்பதைக் கவனியுங்கள். நீதியற்ற மன்றத்துக்குப் பக்தி திரையாயிற்று. ஒலிமுக வாசலில் நியாயத்தை நிலைநிறுத்துங்கள் என்று ஆமோஸ் (5:15) முழங்கியதும் இத்தகைய ஊர் மன்றங்களை நோக்கியே.

5. ஆயர் செய்யத்தக்கவை

முதலாவது, கிராம சபை, பகுதி சபை கூடும் நாள்களை ஆராதனை அறிவிப்பில் சேர்ப்போம். ஆனால் இன்னாருக்கு வாக்களியுங்கள் என்று சொல்ல நமக்கு அதிகாரமில்லை.

இரண்டாவது, கல்லறைக்கு இடமும் ஆலயத்துக்குச் சாலையும் கேட்பதற்கு மட்டும் செல்லாதிருப்போம். அயலாரின் வரத்துக்காலுக்காகவும் எழுந்து பேசும்போதே நம் சாட்சி நம்பத்தக்கதாகும்.

மூன்றாவது, நம் வீட்டை ஒழுங்குபடுத்துவோம். சேகரக் கமிட்டித் தேர்தலில் சாதியும் பணமும் பேசுமாயின், ஊர் மன்றத்துக்கு நாம் எதைப் போதிப்போம்?

அந்தத் தாய் மழை ஜெபத்தைக் குறைகூறவில்லை. அதன் மறுபாதியையே கேட்டார். அடுத்த கிராம சபைக்கு நான் அவரோடு சென்றேன். வரத்துக்கால் அன்றே சீராகிவிடவில்லை. ஆனால் கடைமடையின் குரல் அன்று குறிப்பேட்டில் ஏறியது. ஜெபித்த முழங்கால்கள் நடக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். குருத்துவப் பயிற்சி பெறும் மாணவர்களும் தங்கள் களப்பணி ஊர்களில் இதனையே முதற்பாடமாகக் கொள்வார்களாக.