சிறுநீர் முந்திச் சொல்லும் செய்தி

என் தந்தை பதினான்கு ஆண்டுகள் நீரிழிவுடன் வாழ்ந்தார். மாதந்தோறும் சர்க்கரை அளவைக் குறிப்பேட்டில் தவறாமல் எழுதிவைப்பார். ஆண்டுக்கொரு முறை ரத்தத்தில் கிரியேட்டினின் அளவும் பார்ப்பதுண்டு. 'இயல்பு' என்றே அறிக்கை வரும். அந்த ஒரு சொல்லை நம்பி நிம்மதியாக இருந்தோம். கால்கள் வீங்கத் தொடங்கிய பிறகுதான், சிறுநீரகங்கள் வெகுவாகப் பழுதடைந்திருப்பது தெரியவந்தது.

அந்த அறிக்கைகள் பொய்யல்ல. அவை காலம் தாழ்த்தி உண்மை சொல்பவை. சிறுநீரகத்தின் செயல்திறனில் ஏறத்தாழப் பாதி குறைந்த பிறகே பலருக்கும் கிரியேட்டினின் இயல்பு வரம்பைத் தாண்டுகிறது.

சிறுநீரோ முந்திக்கொண்டு சொல்லிவிடும். சிறுநீரக நுண்குழல் செல்களுக்குள் 'என்ஏஜி' என்று சுருக்கமாக அழைக்கப்படும் நொதி உள்ளது. ரத்தத்திலும் அது உண்டு. ஆனால், பெரிய மூலக்கூறு என்பதால் சிறுநீரக வடிகட்டியைக் கடந்து வர இயலாது. ஆகவே, சிறுநீரில் அது மிகுந்தால் நுண்குழல் செல்களே பாதிக்கப்படுகின்றன என்று பொருள். நீரிழிவின் தொடக்கக் கட்டத்திலேயே அது உயரக்கூடும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. எனினும், இந்த நொதிச் சோதனை இன்னும் அன்றாட மருத்துவத்துக்கு வந்துவிடவில்லை.

இன்று எளிதில் செய்யக்கூடியது, சிறுநீரில் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம் பார்க்கும் சோதனை. வடிகட்டி பழுதடையும்போது அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசிகிறது. ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு அது 30 மில்லிகிராமை எட்டினால் எச்சரிக்கை. காய்ச்சல், கடும் உடற்பயிற்சி, சிறுநீர்த் தொற்று ஆகியவற்றாலும் அளவு தற்காலிகமாக உயரலாம். அதனால், 3 முதல் 6 மாதங்களுக்குள் எடுக்கும் மூன்று மாதிரிகளில் இரண்டேனும் உயர்ந்திருந்தால்தான் பாதிப்பை உறுதிசெய்வார்கள்.

இரண்டாம் வகை நீரிழிவு உள்ளோர், நோய் கண்டறியப்பட்டது முதலே ஆண்டுதோறும் இச்சோதனையைச் செய்துகொள்ள வேண்டும். முதல் வகையினர் ஐந்தாண்டுகளுக்குப் பின் தொடங்கலாம். பாதிப்பை முன்கூட்டியே அறிந்தால், ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுப்படுத்தி, ஏசிஇ தடுப்பான்கள், எஸ்ஜிஎல்டி2 தடுப்பான்கள் போன்ற மருந்துகளின் துணையுடன் சிறுநீரகச் சிதைவின் வேகத்தைக் குறைக்க முடியும்.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023-இல் மதிப்பிட்டது. அவர்களுள் எத்தனை பேரின் குறிப்பேட்டில் சர்க்கரை அளவுக்கு அருகே அல்புமின் அளவும் இருக்கும்?

என் தந்தைக்கு அச்சோதனையை எவரும் பரிந்துரைக்கவில்லை. அப்படியொன்று இருப்பதை அறியாததால் நாங்களும் கேட்கவில்லை. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது நீங்கள் கேளுங்கள்.