தானே பணம் தரும் இயந்திரம்

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நெற்குப்பையில் அப்பத்தாவின் முதியோர் உதவித்தொகை வங்கிக் கணக்கிற்கு வரும். எழுதப் படிக்கத் தெரியாத அவர், ஏ.டி.எம். வாசலில் நிற்பவரிடம் அட்டையைக் கொடுத்து, இரகசிய எண்ணை உரக்கச் சொல்லிவிடுவார்!

1967-இல் இலண்டனின் என்ஃபீல்டில் பார்க்ளேஸ் வங்கி நிறுவிய இயந்திரத்தை உருவாக்கியவர் ஜான் ஷெப்பர்ட்-பேரன். நம் ஷில்லாங்கில் பிறந்தவர். ஆறு இலக்க எண் வைக்க நினைத்தாராம். தம்மால் நான்குதான் நினைவில் வைக்க முடியும் என்றாராம் மனைவி. நான்கே நிலைத்தது.

வடிவமைப்பவர் மனித மறதியையும் கணக்கிட வேண்டும். பணம் கைக்கு வந்ததும் வேலை முடிந்ததென்று மனம் எண்ணும். அட்டை உள்ளே தங்கிவிடும். ஆகவே பல இயந்திரங்கள் அட்டையை முதலில் தந்து, பிறகே பணம் தருகின்றன.

எண் பலகையில் 5-இன் மேல் சிறு மேடு உண்டு, பார்வையற்றோருக்கு உதவுவது. அதைத் தடவி, மேலே ஒன்று, பக்கத்தில் ஒன்று என அப்பத்தாவின் விரலுக்கு எண்ணைப் பழக்கினேன். இப்போது வாயால் சொல்வதில்லை. திரைதான் தொல்லை. அவர் தேடுவதற்குள் நேரம் முடிந்து அட்டை வெளியே வந்துவிடும். எந்த மூலையில் எதை அழுத்துவது என்று மனப்பாடம் செய்துகொண்டார். தை மாதம் திரையின் அமைப்பையே மாற்றிவிட்டார்கள். மறுபடி நான் கூடப் போகிறேன்.