மண்ணுக்குள் மறைந்த பாறையை நிறுப்பது எப்படி?

இடம்பெயர்ந்து வந்து புதிய காணியில் குடியேறும் குடும்பத்துக்கு முதற் கவலை கிணறுதான். எத்தனை அடியில் கல் வரும் என்று அறியாமல் வெட்டத் தொடங்கினால், தண்ணீரைக் காணுமுன்பே கையிலுள்ள காசு முடிந்துவிடும். வெட்டாமலே நிலத்தின் உள்ளே பார்க்கும் வழிகளுள் ஒன்று புவியீர்ப்பு அளவீடு. அதனால் நமக்கு ஆவது எது, ஆகாதது எது என்பதை விளங்கிக்கொள்வோம்.

கடுகண்ணாவைக் கணவாயில் பழைய கண்டி வீதி ஒரு பாறையைத் துளைத்துச் செல்வதை நம்மிற் பலர் கண்டிருப்போம். வெளியே தெரியும் பாறை அது. மண்ணின் கீழ் அது எவ்வளவு தூரம் தொடர்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. இப்பகுதிப் பாறைகளைப் புவிச்சரிதவியலாளர் 'கடுகண்ணாவைத் தொகுதி' என்றே அழைக்கின்றனர். கரிய கனிமங்கள் கலந்த நைஸ் பாறைகள் இதில் மிகுதி.

எல்லாப் பொருளையும் பூமி இழுக்கிறது. கீழே பாரமான பாறை இருந்தால் அந்த இழுவை சற்றுக் கூடும். இலேசான மண் ஆழமாக இருந்தால் சற்றுக் குறையும். ஒரு கன சென்றிமீற்றர் உக்கிய மண் ஏறத்தாழ 2 கிராம். சாதாரண நைஸ் பாறை 2.7 கிராம், கரிய கனிமம் மிகுந்த பாறை 3 கிராம் வரை இருக்கும். நுண்ணிய விற்சுருளில் சிறு நிறையொன்றைத் தொங்கவிட்ட கருவி, இடத்துக்கிடம் மாறும் இழுவையை அளக்கிறது.

அளவின் பெயர் மில்லிகல். நம் நாட்டில் மொத்த இழுவை ஏறத்தாழ 9,78,000 மில்லிகல். புதைந்த பாறை உண்டாக்கும் வேறுபாடோ பெரும்பாலும் சில மில்லிகல் மாத்திரமே. ஒரு மீற்றர் மேலே ஏறினாலே 0.3 மில்லிகல் குறைந்துவிடும். பக்கத்து மலையும் கணக்கைக் குழப்பும். ஆகவே கண்டி போன்ற மலைநாட்டில் ஒவ்வோர் இடத்தின் உயரத்தையும் திருத்தமாக அளந்து, மலைகளின் தாக்கத்தைக் கழிக்கவேண்டும்.

இலங்கை முழுவதற்குமான புவியீர்ப்புப் படம் 1975இல் வெளியானது. அது பல மைல் அகன்ற பாறை அமைப்புகளைக் காட்டும். நமது அரை ஏக்கர் காணியைக் காட்டாது. இன்னொன்றையும் மறக்கலாகாது. ஆழத்தில் திரண்டு கிடக்கும் பாறையும், மேலே பரந்து கிடக்கும் பாறையும் ஒரே அளவைத் தரக்கூடும். பாறை வெடிப்பில் உள்ள நீரையும் இம்முறை நேரே காட்டுவதில்லை.

ஆகவே, கருவியோடு வந்து "இங்கே வெட்டுங்கள்" என்று எவரும் சொன்னால் மூன்று கேள்விகள் கேட்போம். எத்தனை இடங்களில் அளந்தீர்கள்? உயரத்தைக் கணக்கில் எடுத்தீர்களா? மின்தடை அளவீடு, சோதனைத் துளை போன்ற வேறொரு முறையால் உறுதிசெய்தீர்களா? அதோடு, அயலிலுள்ள கிணறுகளில் கோடையில் எவ்வளவு நீர் நிற்கிறது என்பதையும் விசாரித்து அறிவோம். அதன் பின்பு மண்வெட்டியை எடுப்போம்.