மேடை ஏறாத நடிகர்கள்

தெருமுனை நாடகம் என்றதும் நம் நினைவுக்கு வருவது ஒரு டோலக், நாலைந்து இளைஞர்கள், சுற்றி நிற்கும் கூட்டம், அவ்வளவுதான். அந்த இளைஞர்களுக்கு மாதச் சம்பளம் எங்கிருந்து வருகிறது, அவர்கள் வந்து இறங்கும் வேனுக்கு டீசல் போடுவது யார், அவர்கள் சொல்லும் மருத்துவச் செய்தி சரியானதுதானா என்று பார்ப்பது யார் என்பதை நாம் கேட்பதில்லை. கைதட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

இத்தனைக்கும் பொறுப்பேற்றுக்கொண்டு, மேடைப் பக்கமே தலைகாட்டாத சிலர் உண்டு. சட்டம் அவர்களை அறங்காவலர்கள் என்கிறது. நாம் டிரஸ்டி என்கிறோம். நோயையும் குடும்பத் துயரையும் நாடகத்தின் வழியாகப் பேசும் தொண்டு நிறுவனங்கள் நிலைப்பதும் சாய்வதும் இவர்கள் கையில்தான் இருக்கின்றன.

நலமா என்று கேட்ட நாடகம்

இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ஆம் ஆண்டு, சென்னையில். மதராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனீதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் அந்த ஆராய்ச்சியில் ஈடுபட்டவர்கள். அடுத்த சில ஆண்டுகளில் அந்த நோயின் பெயரைச் சொல்லவே ஊர் கூசியது. சுவரொட்டி ஒட்டினால் படிக்கத் தெரியாதவர் என்ன செய்வார்? படிக்கத் தெரிந்தவரும் நாலு பேர் பார்க்க நின்று படிப்பாரா?

இந்தச் சூழ்நிலையில்தான் 1993-இல் சென்னையில் ‘நலம்தானா’ என்ற தொண்டு நிறுவனம் பிறந்தது. உத்தரா பாரத் குமாரும் ஆர். ஜீவானந்தமும் அதைத் தொடங்கினார்கள். குடிசைப் பகுதிகளிலும் கிராமங்களிலும் நாடகம் போட்டு, எய்ட்ஸ் முதலான நோய்களைப் பற்றி மக்களுக்குப் புரியும் பேச்சில் சொல்வது அவர்கள் கண்ட வழி.

நாடகத்துக்கு ஒரு வசதி உண்டு. துன்பம் மேடையில் நிற்கும் பாத்திரத்துக்கு வருகிறது, பார்ப்பவருக்கு அல்ல. “அந்த முருகேசன் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே” என்று பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம். அதில் தன் வீட்டு முருகேசனும் இருக்கிறான் என்பதை யாரும் கேட்கப் போவதில்லை.

மேற்கு வங்காளத்தில் சஞ்சய் கங்கூலி 1985-இல் தொடங்கிய ‘ஜன சம்ஸ்கிருதி’ இன்னும் ஒரு படி மேலே போயிற்று. பிரேசில் நாட்டு நாடக ஆசிரியர் அகஸ்தோ போவால் வகுத்த முறையை அது கிராமங்களுக்குக் கொண்டு சென்றது. வரதட்சணைக் கொடுமையோ குடிப்பழக்கமோ உச்சத்துக்கு வரும்போது நாடகம் நிறுத்தப்படும். “இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? வந்து செய்து காட்டுங்கள்” என்று கூட்டத்தை அழைப்பார்கள். பார்க்க வந்தவரே நடிகராகிவிடுவார். அறிவுரை கேட்பதற்கும் வழியைத் தானே தேடுவதற்கும் உள்ள வேறுபாடு அங்கே தெரியும்.

மும்பைத் தமிழர்களுக்குத் தாராவியிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. சயான் ஆஸ்பத்திரியில் பச்சிளங்குழந்தை மருத்துவராக இருந்து அதன் டீனாகவும் பணியாற்றிய டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ், 1999-இல் ‘ஸ்நேகா’ என்ற அமைப்பைத் தொடங்கினார். தாய்-சேய் நலம், பெண்களுக்கு எதிரான வன்முறை ஆகியவற்றில் பாடுபடும் அந்த அமைப்பு, 2015-இல் தாராவிச் சந்துகளிலேயே கலையையும் உடல்நலத்தையும் இணைத்து ஒரு கலைவிழா நடத்தியது. அங்கே குடியிருப்பவர்களே கலைஞர்களாக இருந்தார்கள்.

டிரஸ்டி என்ன செய்கிறார்?

நடிகர் வசனம் பேசுகிறார், மருத்துவர் ஆலோசனை சொல்கிறார். டிரஸ்டி என்ன செய்கிறார்? அவருடைய வேலை மூன்று காவல்கள்.

முதலாவது, பணத்துக்குக் காவல். 1882-ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்கு உரியது. ஆனாலும் அதில் உள்ள நெறி எல்லாருக்கும் பொருந்தும். சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தச் சொத்தை எவ்வளவு கவனத்துடன் பார்த்துக்கொள்வாரோ, அவ்வளவு கவனம் அறச்சொத்திலும் வேண்டும். அதிலிருந்து தனக்கென்று லாபம் எடுக்கக் கூடாது. பத்திரத்தில் இடம் இல்லாவிட்டால், செய்த உழைப்புக்கு ஊதியம் கேட்கவும் உரிமை கிடையாது.

இரண்டாவது, செய்திக்குக் காவல். எய்ட்ஸ் பற்றி முன்பு எழுதிய நாடகத்தில் கடைசிக் காட்சியில் நோயாளி இறந்துவிடுவதாக இருக்கலாம். 2004 ஏப்ரல் முதல் அரசு மையங்களில் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறது. ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறவர் பல்லாண்டு வாழ்கிறார். பழைய நாடகத்தை அப்படியே போட்டால் அது பயத்தை வளர்க்குமே தவிர, ஆளைப் பரிசோதனைக்கு அனுப்பாது. காசநோய் நாடகமும் அப்படித்தான். சாதாரணக் காசத்துக்கு ஆறு மாதம் மருந்து சாப்பிட வேண்டும். இருமல் நின்றதும் மருந்தை நிறுத்திய கதாநாயகன் சிரித்துக்கொண்டே போவதாகக் காட்டினால், அது நோயைப் பரப்பும் நாடகம். “இந்த வசனம் இன்றைக்கும் உண்மையா? எந்த டாக்டர் பார்த்தார்?” என்று கேட்பது டிரஸ்டியின் கடமை.

மூன்றாவது, மனிதருக்குக் காவல். நாடகம் முடிந்ததும் ஒரு பெண் தயங்கித் தயங்கி நடிகையிடம் வந்து தன் கதையைச் சொல்கிறாள். அந்தக் கதை அடுத்த வாரம் அடுத்த தெருவில் வசனமாக வந்தால், அவள் குடும்பம் என்ன ஆகும்? எச்.ஐ.வி. உள்ளவரின் நிலையை அவருடைய சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்லாத மற்றக் கதைகளுக்கும் அந்த மரியாதை வேண்டும். நன்கொடையாளர் “உண்மையான நோயாளியின் படம் ஒன்று அனுப்புங்கள்” என்று கேட்கும்போது, முடியாது என்று சொல்லும் தைரியம் டிரஸ்டிக்கு இருக்க வேண்டும்.

கையெழுத்தின் விலை

இனிமேல்தான் நம்மைப் போன்றவர்களுக்கு வேண்டிய விஷயம். வெளியூரில் வாழும் தமிழர்கள் சங்கம் வைப்பதில் சளைத்தவர்கள் அல்ல. “பெயரைப் போட்டுக்கொள்கிறோம், ஒரு கையெழுத்துத்தான்” என்று யாராவது காகிதத்தை நீட்டினால், பேனாவை எடுக்குமுன் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

மகாராஷ்டிரத்தில் பொது அறக்கட்டளைகள் 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அறநிலைய ஆணையரிடம், அதாவது சாரிட்டி கமிஷனரிடம், பதிவாக வேண்டும். ஒரு டிரஸ்டி இறந்தாலும் விலகினாலும் புதியவர் வந்தாலும் 90 நாட்களுக்குள் அந்த மாறுதலைத் தெரிவிக்க வேண்டும். நிலத்தையோ கட்டடத்தையோ விற்க வேண்டுமானால் ஆணையரின் முன் அனுமதி வேண்டும். இந்த மாறுதல் அறிக்கையை அலட்சியமாக விட்டவர்கள் பின்னால் படும் பாடு கொஞ்சமல்ல. ஏட்டில் இருக்கும் பெயர் ஒன்று, காசோலையில் கையெழுத்துப் போடுகிறவர் இன்னொருவர் என்றால் பாங்கியில் கேள்வி எழும். பணம் இருந்தும் நடிகர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் போகும்.

வருமானவரி விலக்கு வேண்டுமென்றால் ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிட வேண்டும் என்பது பொது விதி. வெளிநாட்டு நன்கொடை வாங்க மத்திய அரசின் அனுமதி தேவை. அதிலும் 2020-இல் வந்த திருத்தம் கெடுபிடியை அதிகமாக்கியது. நிர்வாகச் செலவுக்கு இருந்த 50 சதவீத வரம்பு 20 சதவீதமாகக் குறைந்தது. பணம் முதலில் புதுடில்லியில் உள்ள ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து சேர வேண்டும். ஓர் அமைப்பு வாங்கிய வெளிநாட்டு நன்கொடையை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுப்பதும் தடை செய்யப்பட்டது. பெரிய நிறுவனம் வாங்கிச் சிறிய குழுவுக்குக் கொடுக்கும் வழி இதனால் அடைபட்டது. நாலு நடிகர்களும் ஒரு டோலக்கும் மட்டுமே சொத்தாக உள்ள குழுக்களுக்கு அது பெரிய அடி.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி கிடைக்கலாம். ஆனால் கம்பெனி “எத்தனை பேர் குணமானார்கள்?” என்று எண்ணிக்கை கேட்கும். நாடகம் பார்த்துவிட்டு ஒரு கணவன் மனைவியை அடிப்பதை நிறுத்தினான் என்பதை எந்தப் படிவத்தில் எழுதுவது? அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுதுவதும், எண்ணிக்கைக்காக நாடகத்தை வளைக்காமல் இருப்பதும் டிரஸ்டிகளின் பாடு.

குமாஸ்தாவின் திறமை

இதைப் படிக்கும் வாசகர்களில் பலர் ஆபீசில் பேரேடு எழுதுகிறவர்கள், வவுச்சர் சரிபார்க்கிறவர்கள், கடிதம் வரைகிறவர்கள். பணக்காரர் பெயரும் பிரமுகர் பெயரும் லெட்டர்ஹெட்டுக்கு அழகு சேர்க்கும். ஆனால் மினிட்ஸ் புத்தகத்தை ஒழுங்காக எழுதுகிறவரும், ரசீது இல்லாத செலவை ஒப்புக்கொள்ளாதவரும், தணிக்கையாளரின் கடிதத்துக்கு நாள் தவறாமல் பதில் போடுகிறவரும்தான் அந்த அமைப்பைப் பத்து ஆண்டு தாங்கி நிற்பவர்கள். நாடகம் நடிக்கத் தெரியாதவரும் நாடகத்துக்குச் செய்யக்கூடிய தொண்டு இது.

ஆகவே யாராவது டிரஸ்டியாகச் சேர அழைத்தால் உடனே மறுக்கவும் வேண்டாம், உடனே கையெழுத்துப் போடவும் வேண்டாம். பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். கடந்த மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கையைக் கேளுங்கள். பதிவேட்டில் இருக்கும் டிரஸ்டிகள் உயிரோடு இருக்கிறார்களா, கூட்டத்துக்கு வருகிறார்களா என்று விசாரியுங்கள். பிறகு ஒரு மாலை அவர்கள் நாடகத்தைக் கூட்டத்தோடு நின்று பாருங்கள். காட்டத் தயங்குகிற அமைப்பிலிருந்து விலகிவிடுங்கள். எல்லாவற்றையும் முன்னால் எடுத்து வைக்கிற அமைப்பாக இருந்தால், உங்கள் ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு மணி நேரத்தை அதற்குக் கொடுங்கள். அந்த இரண்டு மணி நேரத்தால் எங்கோ ஒரு சந்தில் ஒரு நோயாளி மருந்தை நிறுத்தாமல் இருப்பார்.