கரையில் 61 நாட்கள்: மீன்பிடித் தொழிலும் பயண ஆர்வமும்

இந்தியக் கடலோரங்களில் ஆண்டுதோறும் 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன்வளம் பெருகுவதற்காக விதிக்கப்படும் இத்தடை, கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் நடைமுறையில் உள்ளது. சில மாநிலங்கள் இதனை நீட்டிப்பதும் உண்டு. படகுத் தொழிலாளர்களுக்கு மட்டுமன்றி, ஐஸ் தொழிற்சாலைகளிலும் மீன் பதப்படுத்தும் ஆலைகளிலும் பணிபுரிவோருக்கும் இக்காலத்தில் வேலை குறைகிறது. ஊர் சுற்றிப் பார்க்க விரும்புவோருக்கு ஆண்டில் வாய்க்கும் நீண்ட ஓய்வு இதுவே; ஆனால், வருவாய் நின்றுபோகும் ஓய்வும் இதுவே.

நாட்களின் கணக்கு

தடைக்காலம் முழுவதும் ஓய்வன்று. தொடக்கத்தில் படகுகளைப் பாதுகாப்பாக நிறுத்த வேண்டும். இறுதியில் வலைகளைச் சீரமைத்து, இயந்திரங்களைப் பழுதுபார்க்க வேண்டும். இவற்றுக்கு இடைப்பட்ட சில வாரங்களே பயணத்துக்கு உரியவை. கிழக்குக் கரையினருக்குப் பள்ளி விடுமுறையும் உடன் சேர்வதால், குடும்பத்துடன் மலைவாசத் தலங்களுக்குச் செல்லலாம். மேற்குக் கரையிலோ அது மழைக்காலம், பள்ளிகளும் திறந்துவிடுகின்றன. எனினும், மழை மறைவுப் பகுதியான லடாக்கைக் காண அதுவே ஏற்ற பருவம். கடல்மட்டத்தில் வாழ்ந்து பழகியவர்கள், சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் முதல் இரண்டு நாட்கள் ஓய்வெடுத்தல் அவசியம். பூரி தேரோட்டமும் பண்டரிபுர ஆஷாட ஏகாதசியும் பெரும்பாலும் ஜூன், ஜூலை மாதங்களிலேயே வருகின்றன.

தொடர்வண்டி முன்பதிவு, பயண நாளுக்கு 60 நாட்கள் முன்னதாகத் தொடங்குகிறது. ஆகவே, ஜூன் நடுவில் புறப்பட எண்ணுவோர் ஏப்ரல் நடுவிலேயே, அதாவது கையில் வருவாய் இருக்கும்போதே, பயணச்சீட்டைப் பெற்றுவிடலாம்.

பணத்தின் கணக்கு

டீசல், ஐஸ், உணவுப் பொருள் ஆகிய செலவுகள் போக எஞ்சுவதே படகில் பங்காகப் பிரிக்கப்படுகிறது. ஒரு முறை நிறையக் கிடைக்கும். மறுமுறை ஒன்றும் மிஞ்சாது. எனவே, குறைந்த வருவாயிலும் செலுத்தக்கூடிய தொகைக்கே தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்குதல் நன்று. மேற்குக் கரைத் தொழிலாளர் ஒருவர் ஆகஸ்ட் முதல் மே வரை மாதம் 1,500 ரூபாய் சேமித்தால், பத்து மாதங்களில் 15,000 ரூபாயும் அதற்குரிய வட்டியும் சேரும். நல்ல மீன்பாடு கிடைத்த வாரங்களில் மிகுதியைத் தனிச் சேமிப்புக் கணக்கில் இடலாம்.

வீட்டுச் செலவுக்கான பணத்தை இதனுடன் கலத்தல் கூடாது. பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின்கீழ், தகுதியுள்ள மீனவர் 1,500 ரூபாய் செலுத்தினால், அரசு 3,000 ரூபாய் சேர்த்துத் தடைக்காலத்தில் வழங்குகிறது. அத்தொகை அடுப்பெரிவதற்கானது, பயணத்துக்கானதன்று.

முன்பணம் வேண்டாம்

படகு உரிமையாளரிடம் முன்பணம் பெற்றுச் சுற்றுலா செல்வோர் உண்டு. அக்கடன் அடுத்த பருவப் பங்கிலிருந்து பிடிக்கப்படும். அது தீரும்வரை வேறு படகுக்கு மாறுவதும் கடினம். சில நாள் மகிழ்ச்சிக்காகப் பல மாத உழைப்பை அடகு வைப்பது அது. சேமிப்பு 8,000 ரூபாயாக இருப்பின், அதற்கேற்ற தொலைவுக்கே சென்று வருவோம். லடாக் இன்னோர் ஆண்டு வரை காத்திருக்கும். கடன் இன்றிக் கரை திரும்புபவரே, தடை நீங்கும் நாளில் தமக்கு விருப்பமான படகில் ஏற இயலும்.