29 ஆண்டு கழித்து வந்த வேகம்

‘கிராடியஸ் 3’ வீடியோ விளையாட்டின் இரண்டாம் கட்டத்தில் குமிழிகள் வரும். சுட்டால் பெரிய குமிழி சின்னச் சின்னதாக உடையும். நம் விண்கலத்தோடு நான்கு ‘ஆப்ஷன்’ ஒளிப்பந்துகளும் சேர்ந்து சுடும்போது, திரையே தேனுக்குள் விழுந்ததுபோல் ஊர ஆரம்பித்துவிடும். இசை மட்டும் தன் வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

1990 டிசம்பரில் ஜப்பானில் சூப்பர் நின்டென்டோ கருவிக்காக கோனாமி வெளியிட்ட விளையாட்டு இது. அந்தக் கருவி தொலைக்காட்சிக்கு நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படங்கள், அனுப்பும். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் முன்பாக எதிரிகளை நகர்த்தி, குண்டுகள் யார்மீது பட்டன என்று பார்த்து முடித்தாக வேண்டும். பரிமாறி முடிக்காமல் அடுத்த பந்தியை உட்கார வைக்க முடியாதல்லவா? கணக்கு முடியாவிட்டால் பழைய படமே இன்னொரு முறை திரையில் நிற்கும். விளையாட்டுக்குள் நேரம் ஓடுவது ஃபிரேம் கணக்கில்தான். ஒரு ஃபிரேமின் வேலைக்கு இரண்டு ஃபிரேம் பிடித்தால் விளையாட்டின் உலகமே பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். இசைக்குத் தனிச் சிப் இருந்ததால் அது தப்பித்தது.

சூப்பர் நின்டென்டோவின் செயலி அதிகபட்சம் 3.58 மெகாஹெர்ட்ஸில் ஓடக்கூடியது. விளையாட்டு அடங்கிய கேட்ரிட்ஜில் மலிவான, மெதுவான நினைவகம் இருந்தால் 2.68க்கு இறங்கிவிடும். அப்படியானால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 44,000 துடிப்புகள். குமிழிகளுக்கு அது போதவில்லை.

90களின் நடுவில் எஸ்ஏ-1 என்ற துணைச் செயலி வந்தது. அதே குடும்பத்துச் செயலிதான், ஆனால் 10.74 மெகாஹெர்ட்ஸ். கேட்ரிட்ஜுக்குள்ளேயே உட்கார்ந்து வேலை செய்யும். ‘கிர்பி சூப்பர் ஸ்டார்’, ‘சூப்பர் மேரியோ ஆர்பிஜி’ போன்றவை அதைப் பயன்படுத்தின. கிராடியஸுக்கோ காலம் கடந்திருந்தது.

பிரேசிலைச் சேர்ந்த நிரலாளர் விட்டோர் விலேலா 2019இல் அந்தக் குறையைத் தீர்த்தார். மூல நிரல் கையில் இல்லை. கேட்ரிட்ஜில் உள்ள இயந்திரக் கட்டளைகளைப் பிரித்துப் படித்து, கனமான வேலைகளை எஸ்ஏ-1க்கு மாற்றினார். இரண்டு செயலிகளும் ஒரே நினைவகத்தில் மோதிக்கொள்ளாமல் பார்க்க வேண்டும். மாறிகளின் முகவரிகளை இடம்பெயர்க்க வேண்டும். ஒன்று தவறினாலும் விளையாட்டு நின்றுபோகும். பழைய கருவியைப்போல் நடந்துகொள்ளும் கணினி நிரலான எமுலேட்டரில் செயலியின் வேகத்தைக் கூட்டுவது இதைவிடச் சுலபம்தான். ஆனால் விலேலாவின் வழி, எஸ்ஏ-1 உள்ள கேட்ரிட்ஜ் இருந்தால் அந்தக் காலத்துக் கருவியிலேயே ஓடும். செய்ததை இலவசமாகவே கொடுத்தார். பிறகு ‘கான்ட்ரா 3’யையும் இதேபோல் மாற்றினார். இப்படியொரு பொறுமையை நான் மனதார வணங்குகிறேன்.

வேகம் வந்ததும் விளையாட்டு கடினமாகிவிட்டது. திரை ஊர்ந்த அந்த நொடிகளில்தான் பலர் குண்டுகளுக்கு இடையே நுழைந்து தப்பப் பழகியிருந்தார்கள். குறையாக இருந்த மந்தம் அவர்களுக்குக் கைகொடுத்திருக்கிறது. அதனால் பழைய வடிவமும் அழியாமல் இருக்க வேண்டும் என்பேன். அந்த மந்தத்தோடு பழகிய கைகளுக்கு அதுதான் கிராடியஸ்.

ஆனாலும் எனக்குப் புதியதுதான் பிடித்திருக்கிறது. நான்கு ஒளிப்பந்துகளோடு குமிழிகளுக்குள் நுழையும்போது, படமும் இசையும் ஒரே தாளத்தில் போகின்றன.